ஆறு இலக்கம்

அத்தியாயம் 11

அனோஜாவின் வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்தில் கூப்பிடப்படுவதற்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக்குடியிருப்பில் பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றை நடத்துகிறவள் நிறஞ்சனா. தோளில் சூடு வைத்த காயமும் கையில் எட்டு மாதக் குழந்தையுமாக விசுவமடுவிலிருந்து ஓடிவந்த அனோஜாவை, பதினொரு நாளுக்கு முன் ஒரு வீட்டில் மறைவாகத் தங்கவைத்தாள். அனோஜாவின் கணவன் ஜனார்த்தனன் இரண்டு தரம் நிலையத்து வாசலில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே, "எங்க இருந்தாலும் நல்லா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புத்தான் நிறஞ்சனாவைப் பயப்படுத்தியது.

இடம் எது என்று தன் கணவன் வின்சனுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

"என்னிலயும் நம்பிக்கை இல்லையோ?" என்று அவன் கேட்டான்.

"நம்பிக்கை இல்லாமல் இல்லையப்பா. அது உங்களுக்குத் தேவைப்படாது, அதாலதான்."

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து முள்ளிவாய்க்காலில் அவர்களுடைய வீட்டில் தேவைக்கு மட்டுமே கதை நடந்தது.

*

காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. நிறஞ்சனா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி குசினி யன்னலில் சார்ஜில் கிடந்தது. அது இரண்டாம் தரமும் அடித்தபோது வின்சன் எடுத்தான்.

"வணக்கம். நிவாரணப் பகுதியில இருந்து கதைக்கிறம். வின்சன் எண்டுறது நீங்களோ?"

"ஓம், நான்தான்."

"புயலில வலை இழந்த ஆக்களின்ர பதிவு இண்டையோட முடியுது. உங்கட பேர் பட்டியலில இருக்கு, ஆனா உறுதிப்படுத்தேல்லை. வலை வேணுமோ, வேண்டாமோ?"

வின்சன் நிமிர்ந்து நின்றான். கார்த்திகைப் புயலில் அவனுடைய இரண்டு வலைகளும் போய்விட்டன. மூன்று தரம் படிவம் நிரப்பிக் கொடுத்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகாமல், இரவல் வலையோடு நந்திக்கடல் களப்பில் இறால் தேடிக்கொண்டிருக்கிறான்.

"வேணும் ஐயா. என்ன செய்யவேணும்?"

"இந்தப் போனுக்கு இப்ப ஆறு இலக்கம் ஒண்டு வரும். அதைப் பாத்துச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

வந்தது. இலக்கத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தது. வின்சன் அதை வாசிக்கவில்லை. இலக்கத்தை ஒவ்வொன்றாக, பிழை வந்துவிடக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். மறுமுனையில் இருந்தவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான்.

"சரி அண்ணை, பதிவாகிட்டுது. அந்தச் செய்தியை இனி அழிச்சுவிடுங்கோ." வின்சன் அழித்தான்.

ஈரத் தலையோடு நிறஞ்சனா உள்ளே வந்தாள். "ஆர் போனில?"

"ஆரோ... பிழையான நம்பர்."

வலை கையில் கிடைத்த பிறகு சொல்வோம் என்று நினைத்தான். கனநாளாக அவளுக்குச் சொல்ல அவனிடம் ஒரு நல்ல செய்தியும் இருக்கவில்லை.

*

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஸ்கூட்டியை நிழலில் விட்டு, மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நிறஞ்சனா கைபேசியைக் கையில் எடுத்தாள். நேரம் பத்து ஐந்து. வட்ஸ்அப் திறக்கவில்லை. அவளுடைய இலக்கம் வேறொரு கைபேசியில் பதிவாகியிருக்கிறது என்று திரையில் ஓர் அறிவிப்பு நின்றது.

திரும்பப் பதிய முயன்றாள். பதிவதற்கான ஆறு இலக்கக் குறியீடு பல தரம் கேட்கப்பட்டுவிட்டதாம். இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பொறுக்க வேண்டும் என்று காட்டியது.

பிறகு டிலுசாவைக் கூப்பிட்டாள்.

டிலுசா வின்சனின் தங்கை. அதே தெருவில், நான்கு கடை தள்ளி இருக்கும் தனியார் வகுப்பில் கணினி படிப்பிக்கிறாள். வகுப்பைப் பாதியில் விட்டு, வெண்கட்டித் தூள் ஒட்டிய விரலோடு ஓடிவந்தாள். கைபேசியை வாங்கிப் பார்த்தவள் அதை மேசையில் வைத்தாள்.

"அண்ணி, இதைத் திருப்பி எடுக்கிறதைப் பிறகு பாப்பம். இப்ப ஆரோ ஒருத்தன் உங்கட பேரில இருந்துகொண்டு கதைக்கிறான். முதல்ல அதைத்தான் பாக்கவேணும்."

"நான் எழுதினதெல்லாம் அவன் வாசிப்பானோ?"

"பழசு அவனுக்குப் போகாது. ஆனா இனி உங்களுக்கு வாற எல்லாம் அவனிட்டத்தான் போகும். நீங்கள் இருக்கிற குழுக்களும் அதில இருக்கிற ஆக்களும் அவனுக்குத் தெரியும். அவன் எழுதினா, நீங்கள் எழுதினமாதிரித்தான் அவைக்கு இருக்கும்."

"குறியீடு என்னட்டை வரவே இல்லையே."

"வந்திருக்கும். ஆராவது பாத்துச் சொல்லியிருக்கவேணும். காலமை போன் ஆரிட்ட இருந்தது?"

நிறஞ்சனா வின்சனைக் கூப்பிட்டாள். சிம் அவளிடம்தான் இருந்தது. சாதாரண அழைப்பு எடுக்க ஒரு தடையும் இல்லை.

"இஞ்சருங்கோ, காலமை என்ர போனை எடுத்து ஆருக்கும் ஏதும் நம்பர் குடுத்தனீங்களோ?"

குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

மறுமுனையில் களப்புக் காற்றின் சத்தம் கேட்டது. "இல்லை. நான் ஏன் உன்ர போனைத் தொடுறன்? உன்ர வேலையில நான் தலையிடக்கூடாது எண்டுதானே சொன்னனீ."

அழைப்பு நின்றது.

டிலுசா ஒரு தாளை இழுத்து எடுத்தாள். "அந்தப் பிள்ளையின்ர இடம் ஆராருக்குத் தெரியும்? ஒராளையும் விடாமல் சொல்லுங்கோ."

"எனக்கு. வீட்டுக்காரி அழகம்மாவுக்கு. ஓட்டோக்காரக் கணபதியண்ணைக்கு. அவர்தான் கொண்டுபோய் விட்டவர்."

"லோயருக்கு?"

"தாட்சாயினி மிஸ்ஸுக்கு வழக்கு மட்டும்தான் தெரியும். இடம் தெரியாது."

"இதில உங்கட குழுவில ஆர் இருக்கினம்?"

நிறஞ்சனா தாளிலிருந்த பெயர்களை மறுபடி பார்த்தாள்.

"கணபதியண்ணை இருக்கிறார். வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் அந்தக் குழு. ஒவ்வொரு நாளும் தனியா எடுத்துச் சொல்லப் பஞ்சியா இருந்தது எண்டு போன மாசம் நான்தான் அவரையும் சேர்த்தனான்."

டிலுசா கணபதியின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

கணபதியின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். அழகம்மாவுடையதும் அப்படியே, அவள் தோட்டத்தில் நிற்பாள், கைபேசி வீட்டுக்குள் கிடக்கும். தாட்சாயினியின் கைபேசி அணைந்திருந்தது, நீதிமன்றத்துக்குள் நின்றிருப்பாள். அனோஜாவிடம் கைபேசியே இல்லை. அதை வைத்து ஜனார்த்தனன் அவளைக் கண்டுபிடித்துவிடுவான் என்று முதல் நாளே வாங்கி நிலையத்து அலுமாரியில் பூட்டியது நிறஞ்சனாதான்.

குழுவிலிருந்த மற்ற நான்கு பெண்களும் எடுத்தார்கள். "என்ர பேரில என்ன வந்தாலும் பதில் போடாதேங்கோ. என்ர குரலைக் கேட்டால் மட்டும் நம்புங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நேரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

டிலுசா தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் நின்று தமையனைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, நான்தான். ஏச மாட்டன். அண்ணியும் பக்கத்தில இல்லை."

மறுமுனையில் வள்ளத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னத்துக்குக் குடுத்தாய் எண்டு கேக்கமாட்டன். நேரம் மட்டும் சொல்லு. அது தெரிஞ்சாத்தான் அவன் எப்ப இருந்து அண்ணியின்ர பேரில கதைக்கிறான் எண்டு தெரியும். ஒரு பொம்பிளையும் குழந்தையும் அண்ணை."

"ஒம்பது பத்து இருக்கும். வலை தாறம் எண்டவன், டிலுசா. என்ர பேரைச் சொன்னவன்." என்றான் வின்சன். "அவள் கேக்கேக்கதான் எனக்கு விளங்கினது. விளங்கின உடன வாய் வரேல்லை."

டிலுசா உள்ளே வந்து அதை அப்படியே நிறஞ்சனாவுக்குச் சொன்னாள்.

*

பதினொன்று ஐந்துக்குக் கணபதி திருப்பிக் கூப்பிட்டார். ஒட்டுசுட்டானில் வாடகைக்கு ஏறிய ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, நாலு தரம் எடுத்திருக்கிறியள்? நீங்கள் கேட்டதுக்குத்தான் நான் அப்பவே பதில் போட்டிட்டனே."

நிறஞ்சனா எழுந்து நின்றாள். "என்ன கேட்டனான்?"

"அனோஜாவின்ர குழந்தைக்கு மருந்து கொண்டு வேற ஆள் போகுது, வழி சொல்லுங்கோ எண்டு. நீங்கள் எப்பவும் எனக்கு வொய்ஸ்தானே போடுவியள். இண்டைக்கு எழுத்தில கிடந்தது. வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடி போட்டெல்லோ வாசிச்சனான்."

"அனோஜா எண்டு பேர் போட்டிருந்ததோ?"

"ஓம், பேர் கிடந்தது."

அவள் ஒருநாளும் அந்தப் பெயரை எழுதியதில்லை. குழுவில் எவரும் எழுதக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். இனி எழுதியவன் யார் என்று யோசிக்க ஒன்றுமில்லை.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

"நான் வொய்ஸிலதான் சொன்னனான். வற்றாப்பளைக் கோயிலடியால வந்து, களப்புப் பக்கம் திரும்பிற மண்பாதையில மூண்டாவது வளவு, வாசலில நீலப் படலை போட்டிருக்கு எண்டு. பத்து நாப்பதுக்கு." அவர் குரல் மெல்லத் தளர்ந்தது. "ஏன் பிள்ளை? அது நீங்கள் இல்லையோ?"

நிறஞ்சனா பொலிசுக்கு அறிவித்தாள். உடனே வெளிக்கிடுகிறோம் என்றார்கள். ஆனால் விசுவமடுவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு வற்றாப்பளை முக்கால் மணித்தியாலம். பத்து நாற்பதுக்கு வெளிக்கிட்டிருந்தால் பதினொன்றரைக்குள் வந்துவிடுவான். அவள் ஸ்கூட்டியில் எவ்வளவு ஓடினாலும் அதற்கு முன் போய்ச் சேர முடியாது.

டிலுசா சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் முள்ளிவாய்க்கால், மறு பக்கம் வற்றாப்பளை. நடுவில் நந்திக்கடல்.

"அண்ணி," என்றாள். "அண்ணை இப்ப களப்படியிலதான் நிக்கிறான்."

நிறஞ்சனா கண்ணை மூடித் திறந்தாள். பதினொரு நாள் அவனுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லப்போகிறாள். கூப்பிட்டாள்.

"நிறஞ்சனா, நான்..."

"அதைப் பிறகு கதைப்பம். வள்ளம் தண்ணியில கிடக்கோ?"

"கிடக்கு."

"வற்றாப்பளைப் பக்கம் போங்கோ. கரையில இருந்து பாத்தா ரெண்டு பனைக்கு நடுவில தகரக்கூரை வீடு. முன்பக்கம் நீலப் படலை, ஆனா நீங்கள் பின்னால போறியள். அழகம்மா எண்டு ஒரு அம்மா நிப்பா. அவவும் விடமாட்டா, அனோஜாவும் வரமாட்டாள். நீங்கள் 'வெள்ளச்சி' எண்டு சொல்லவேணும்."

"என்னது?"

"வெள்ளச்சி. அதைச் சொல்லாத ஆரோடயும் போகக்கூடாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். எழுதாதேங்கோ, ஆருக்கும் சொல்லாதேங்கோ, போங்கோ."

*

களப்பில் தை மாதத்துத் தண்ணீர் நிறையக் கிடந்தது. வின்சன் சின்ன என்ஜினை முழு வேகத்தில் விட்டான். இரவல் வலை வள்ளத்துக்குள் குவிந்து கிடந்தது. அதை இறக்கி வைக்கக்கூட அவன் நிற்கவில்லை. நடுக்களப்பில் காற்று எதிரே அடித்து, தண்ணீர் முகத்தில் தெறித்தது.

அந்த மனிதன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த குரல் காதுக்குள்ளேயே இருந்தது. எவ்வளவு மரியாதையான குரல். நான் நிறுத்தி நிறுத்தியெல்லோ சொன்னேன் என்று நினைத்தான். பத்து மணிக்கு அவள் கேட்டபோது 'ஓம்' என்ற ஒரு சொல் வாயில் வந்திருந்தால், இந்த வள்ளம் இப்போது ஓடவேண்டி வந்திராது.

கரை நெருங்க நெருங்கத் தண்ணீர் குறைந்தது. என்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றினான். பிறகு அதுவும் சரிவராமல் குதித்து, முழங்கால் சேற்றில் வள்ளத்தை இழுத்தான்.

வேலியருகே மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றாள்.

"ஆரது? அங்காலயே நில்!"

"அழகம்மாவோ? நிறஞ்சனாவின்ர மனுசன் நான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். அவன் வாறான்."

"நிறஞ்சனாவின்ர மனுசன் எண்டு ஆரும் சொல்லலாம்."

"வெள்ளச்சி," என்றான் வின்சன் மூச்சு வாங்க.

மண்வெட்டி இறங்கவில்லை. ஆனால் வீட்டின் பின்கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே குழந்தையை மார்போடு அணைத்தபடி அனோஜா நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வெள்ளச்சி யாரு?" என்று கேட்டாள்.

இதை நிறஞ்சனா வின்சனுக்குச் சொல்லித்தரவில்லை. அவன் சேற்றுக் காலோடு நின்ற இடத்திலேயே நின்றான்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. அந்தச் சொல்லைச் சொல்லு எண்டவா, சொல்லுறன். மற்றது ஒண்டும் எனக்குத் தெரியாது. உம்மட இடமும் கால்மணித்தியாலத்துக்கு முந்தித்தான் தெரியும்." முன்பக்கத்தை எட்டிப் பார்த்தான். "அவன் இஞ்ச வாறதுக்குக் காரணமும் நான்தான். காலமை ஏமாந்துபோய் நம்பரைக் குடுத்தது நான். ஏசிறதெண்டா வள்ளத்தில வைச்சு ஏசும். இப்ப வாரும்."

அனோஜா அவனை ஒரு கணம் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுகிற ஒருவனோடு மூன்று வருடம் வாழ்ந்தவள் அவள். தெரியாது என்று சொல்கிறவனைப் பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"அது நான் சின்ன வயசுல வளர்த்த ஆடு," என்றாள். வெளியே வந்தாள். "என் போன் பூட்டு, பேஸ்புக் எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுன்னு அக்கா கேட்டாங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர்கள் வேலியைத் தாண்டும்போது முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஓடுங்கோ," என்றாள் அழகம்மா. மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.

வின்சன் குழந்தையை வாங்கி வலைக் குவியலின் மேல் வைத்தான். அனோஜா ஏறியதும் வள்ளம் சேற்றில் பதிந்துபோனது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான். பின்னால் நீலப் படலை மோதி விழும் சத்தம் கேட்டது. அழகம்மா ஊரைக் கூப்பிட்டுக் கத்தத் தொடங்கினாள்.

அனோஜா தானாக இறங்கினாள். மற்றப் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். சூட்டுக் காயம் இருந்த அதே தோள். வள்ளம் நகர்ந்தது.

"அனோஜா!"

ஜனார்த்தனன் வேலியடியில் நின்றான். கோபமாகக் கத்தவில்லை. "ஏன்டி பயப்படுற? பிள்ளையப் பாக்கத்தானே வந்தேன். அந்த ஆளு யாருன்னு தெரியுமா உனக்கு? யாரோ ஒருத்தன் கூப்புட்டா ஏறிப் போயிடுவியா?"

சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். ஆழம் தெரியாதவன் நடக்கும் நடை. ஆனாலும் வந்துகொண்டேயிருந்தான்.

வின்சன் என்ஜினைத் தாழ்த்திக் கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் பிடிக்கவில்லை. குழந்தை வீரிட்டு அழுதது. மூன்றாம் தரம் இருமிப் பிடித்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவனுக்கும் வள்ளத்துக்கும் நடுவே வெள்ளை நுரை எழுந்து அகன்றது.

கரையில் அயலவர்கள் ஓடிவருவது தெரிந்தது. ஜனார்த்தனன் திரும்பிப் பார்த்தான். பிறகு, அவசரமே இல்லாதவன் போல, சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து நனையாமல் உயரப் பிடித்தபடி கரையேறினான். பொலிஸ் வந்து சேர்ந்தபோது மோட்டார் சைக்கிள் அங்கே இல்லை.

*

வள்ளம் நடுக்களப்பில் நிற்கும்போதுதான் அடுத்த இடத்தை நிறஞ்சனா வின்சனுக்குச் சொன்னாள். அந்த இடத்தின் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை.

ஒன்றரை மணிக்கு அவளும் டிலுசாவும் அங்கே வந்தார்கள். உள் அறையில் அனோஜா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வின்சன் வாசலில், காய்ந்த சேறு அப்பிய காலோடு, கதிரையில் இருக்காமல் படியில் இருந்தான்.

நிறஞ்சனா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பத்து மணிக்கு நீ கேட்டனீ," என்றான். "நான் இல்லை எண்டனான்."

"ஓம்."

"அப்பவே சொல்லியிருந்தா?"

"கணபதியண்ணையை அவன் கேட்டது பத்து நாப்பதுக்கு. உங்களை உடன வள்ளத்தில அனுப்ப எனக்கு அரை மணித்தியாலம் இருந்திருக்கும்."

ஆறுதலாக வேறு ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"நானும் அவரை அந்தக் குழுவில சேர்த்திருக்கக்கூடாது," என்றாள். "நான் கேட்ட விதமும் சரியில்லை. இனி இப்படி ஏதும் நடந்தா உடன சொல்லுங்கோ. எவ்வளவு பெரிய பிழையெண்டாலும் சொல்லுங்கோ. நான் ஏசினாலும் சொல்லுங்கோ."

அவன் தலையாட்டினான். வலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

உள்ளேயிருந்து டிலுசா கூப்பிட்டாள். "அண்ணி, நேரம் முடிஞ்சுது. குறியீடு வந்திட்டுது!"

நிறஞ்சனா தன் கையாலேயே இலக்கத்தைப் பதிந்தாள். வட்ஸ்அப் திறந்தது. அந்தக் கணத்திலேயே அவன் வெளியே தள்ளப்பட்டிருப்பான் என்றாள் டிலுசா. "இப்ப இதுக்கு மேல இன்னொரு பூட்டுப் போடுவம். இனி ஆராவது குறியீட்டைக் களவெடுத்தாலும் இந்த இலக்கம் இல்லாமல் உள்ளுக்கு வரேலாது. ஏதாவது ஆறு இலக்கம் சொல்... இல்லை, சொல்லாதேங்கோ, நீங்களே போடுங்கோ. கலியாண நாள் வேண்டாம், பிறந்த நாளும் வேண்டாம்."

நிறஞ்சனா திரும்பி நின்று போட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக டிலுசா சிரித்தாள்.

கைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. சட்டத்தரணி தாட்சாயினியிடமிருந்து ஒரு செய்தி.

'யோசித்துப் பார்த்தேன். அனோஜாவின் விருப்பம் அதுவென்றால் நாம் தடுக்க முடியாது. நாளைக் காலை மனுவை மீளப் பெறுகிறேன். அவர் நீதிமன்றத்துக்கு வரத் தேவையில்லை.'

நிறஞ்சனா எழுத்தில் பதில் போடவில்லை. உடனே கூப்பிட்டாள். இந்தத் தரம் தாட்சாயினி எடுத்தாள்.

"மிஸ், நான் நிறஞ்சனா. இது என்ர குரல். என்னத்தை மீளப் பெறப்போறியள்?"

"நீர்தானே பன்ரண்டு மணிக்கு அனுப்பினனீர்? அனோஜா எழுதின கடிதத்தின்ர படம். புருசனோட சமாதானமாப் போறன், வழக்கு வேண்டாம் எண்டு."

"பன்ரண்டு மணிக்கு என்ர வட்ஸ்அப் என்னட்டை இல்லை. அது அவன். அந்தக் கடிதம் பொய் மிஸ்."

மறுமுனையில் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது.

"நிறஞ்சனா, நானும் சும்மா நம்பேல்லை. மனுவில இருக்கிற கையெழுத்தோட வைச்சு ஒப்பிட்டுப் பாத்தனான். அதே கையெழுத்து. அவன் அதை நேரா நாளைக்குக் கோர்ட்டில நீட்டினா, நாங்கள் என்ன சொல்லுறது?"

நிறஞ்சனா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அறையில் எல்லோருக்கும் கேட்டது. அனோஜா பால் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அனோஜா, நீர் ஏதும் கடிதம் எழுதினனீரோ?"

"இல்லக்கா."

"அப்ப அந்தக் கையெழுத்து?"

அனோஜா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"அது என்னோடதுதான்கா. கல்யாணமான புதுசுல, காணிப் பத்திரத்துக்கு வேணும்னு வெறும் தாள்ல போடச் சொன்னாரு. நானும் போட்டேன்."

"எத்தினை தாளில?" என்று கேட்டாள் நிறஞ்சனா.

கைபேசியில் தாட்சாயினியும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"எண்ணலக்கா," என்றாள் அனோஜா. "ஒரு கொப்பியில இருந்த தாள் எல்லாம் முடியுற வரைக்கும்."